அசல் சான்றிதழைக் கையைவிட்டுக் கொடுத்த கதை

கணவரை அலுவலகமே வெளிநாட்டுக்கு அனுப்புகிறது, குடும்பத்தை அழைத்துப்போகும் வேலையை அவர்கள் அமர்த்திய ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கணவர் பிப்ரவரியிலிருந்து நெதர்லாந்தில், ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறார். இப்போது ஆகஸ்ட். நானும் இரண்டு பிள்ளைகளும் பெங்களூரு முருகேஷ்பாளையாவில், பாதி மூட்டை கட்டிய வீட்டில் இருக்கிறோம்.

மாற்றல் ஆணையில் 'குடும்பத்துக்குத் தேவையான உதவிகள் அளிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. என்ன உதவி, எந்தத் தேதிக்குள், யார் செலவில் என்று ஒன்றும் இல்லை. அந்த ஒற்றை வரியை நம்பி, பதினோரு ஆண்டு பார்த்த ஆசிரியர் வேலையை விட்டேன். பெரியவளுக்கு டி.சி.யும் வாங்கிவிட்டேன்.

ஏஜென்சி ஆள் வீட்டுக்கே வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் நீலக் கோப்பு, பேச்சில் தேன். “நீங்கள் பெட்டியை மட்டும் கட்டுங்கள் மேடம், மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு” என்றார். எங்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மூன்றும் அசல். அவற்றை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான அரசுச் சான்றான 'அப்போஸ்டில்' செய்ய ஒன்றுக்கு 9,500 ரூபாய். கம்பெனி கணக்கில் இது வராது என்றதால் 28,500 ரூபாயை நானே அனுப்பினேன். காபி குடித்துவிட்டுக் கோப்போடு போய்விட்டார். சான்றிதழ்களை வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட நான் கேட்கவில்லை. பால்காரர் கணக்கையே இரண்டு முறை கூட்டிப் பார்ப்பவள் நான். அன்று புத்தி எங்கே மேயப் போனதோ!

ஏழு வாரம் கழித்துக் கூரியரில் உறை வந்தது. திருமணச் சான்றிதழின் பின்புறம் சிவப்பு முத்திரை, ஒரு நோட்டரியின் கையெழுத்து, பச்சை மையில் தேதி. அதற்கு மேல் முழுத்தாளையும் மொடமொடவென்று லேமினேஷன் செய்திருந்தார்கள். 'பத்திரமாக இருக்கும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் கணவரின் சக ஊழியர் மனைவி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒட்டுச்சீட்டு எங்கே?” என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

உண்மையான அப்போஸ்டில் என்பது நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் ஒட்டித் தரும் சதுரச் சீட்டு. உச்சியில் 1961 அக்டோபர் 5 என்ற ஹேக் உடன்படிக்கையின் தேதி பிரெஞ்சு மொழியில் இருக்கும். கீழே 1 முதல் 10 வரை எண்ணிட்ட வரிகள் இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் தனி எண் உண்டு. அதை அமைச்சகத்தின் இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். சான்றிதழை வழங்கிய மாநிலத்தின் அதிகாரி முதலில் சான்றொப்பமிட வேண்டும். எங்கள் திருமணம் பதிவானது பாளையங்கோட்டையில், பிள்ளைகள் பிறந்தது பெங்களூரில். ஆக, ஒன்று தமிழ்நாடு அரசின் வழியாகவும் மற்ற இரண்டு கர்நாடக அரசின் வழியாகவும் போயிருக்க வேண்டும். அமைச்சகம் தனிநபரிடம் நேராக வாங்குவதில்லை. அங்கீகரித்த சில முகவர்கள் வழியாகத்தான் வாங்குகிறது. அந்தப் பட்டியலும் அதே இணையதளத்தில் இருக்கிறது. எங்கள் ஏஜென்சி அதில் இல்லை. அரசுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். முகவரின் சேவைக் கட்டணத்தையும் மாநிலச் சான்றொப்பச் செலவையும் சேர்த்தாலும் 9,500-க்குக் கணக்கு உதைக்கிறது.

லேமினேஷன் செய்த சான்றிதழை யாரும் தொடமாட்டார்கள். பிரித்தெடுத்தால் தாள் கிழியும். எழுபத்து நான்கு வயது மாமனார் புதிய நகலுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்தார். “ஏனம்மா, பதினான்கு வருஷம் கழித்து மறுபடியும் கல்யாணத்தைப் பதிகிறீர்களா?” என்று போனில் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. “சார் போய் ஆறு மாதம் ஆன பிறகுதான் குடும்பத்துக்கு விண்ணப்பிக்க முடியும், அங்கே அதுதான் சட்டம்” என்று அந்த ஆள் சொன்னார். அப்படி ஒரு சட்டமே இல்லை. அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம், ஊழியருக்கும் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். இதைக் கணவரே அங்குள்ள கிளை அலுவலகத்தில் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார். பெங்களூர் மனிதவளத் துறையைக் குடைந்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது: அவர்கள் ஏஜென்சியிடம் வாங்கியிருந்ததே தனி ஆளுக்கான தொகுப்பு. எங்கள் மூவருக்கும் யாரும் பணமே கட்டவில்லை. ஆணையில் இருந்த அந்த வரி வெறும் வரி. ஒப்பந்தத்தின் குடும்பப் பகுதியை எங்களுக்குக் காட்டுங்கள் என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

வீடு பார்த்துக் கொடுத்த லட்சணமும் அப்படித்தான். மூன்று மாத வாடகை முன்பணம் கேட்டார்கள். 2023 ஜூலை முதல் அங்கே இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. போதாததற்கு, அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டாராம். அந்த ஊரில் முகவரிப் பதிவு இல்லாமல் தங்கிக் குடித்தனம் நடத்த வழியில்லை. கையெழுத்திடும் முன் என் கணவர் சுதாரித்துக்கொண்டு வேறு வீடு பிடித்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது. 'கம்பெனி எழுதிக் கேட்டால்தான் தருவோம்' என்று ஏஜென்சி பதில் அனுப்பியிருக்கிறது. 'பணம் கட்டியது நீங்கள், நீங்களே கேளுங்கள்' என்கிறது கம்பெனி. இரண்டு மின்னஞ்சல்களையும் ஒரே தாளில் அச்சிட்டுப் புகாரோடு இணைத்துவிட்டேன்.