பல்லைக் கடிச்சது பொண்ணு, மாட்டுனது நானு

ஃப்ளைட், டாக்ஸி, உறவுக்காரங்க கதையெல்லாம் விடுங்க. இந்தத் தடவை ஊர்ல பல் கிளினிக் போனதை மட்டும் சொல்லிடறேன், இல்லன்னா மனசு ஆறாது.

பொண்ணு தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறா. அம்மா வழக்கம்போல வயித்துல பூச்சி, மாத்திரை குடுன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இங்க, நாங்க குடியிருக்கிற இடத்துல, டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுக்குள்ள பால் பல்லே விழுந்துரும்னு ஊர்லயே காட்டிட்டோம்.

டோக்கன்லாம் பேருக்குத்தான். நாங்க உள்ள போனா அடுத்த டோக்கன்காரங்களும் கூடவே வந்து நிக்கிறாங்க, கதவு வேற திறந்தே கிடக்கு. டாக்டரம்மா பொண்ணு வாயைப் பாத்துட்டு, "பூச்சிக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க, சின்னப் பசங்கள்ல இது சகஜம், பெரும்பாலும் வளர வளர தானா நின்னுரும், தாடை வளர்ற வயசு, ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற கார்டெல்லாம் வேணாம், தாடை வலி, காலைல தலைவலி, குறட்டைன்னு இருந்தா மட்டும் கூட்டிட்டு வாங்க"ன்னு முடிச்சுட்டாங்க. ஒரு எக்ஸ்ரே கூட எடுக்கல, இதே இங்கன்னா ஃபாரம் நிரப்பியே பாதி நாள் போயிருக்கும்.

அப்புறம்தான் என் பக்கம் திரும்புனாங்க. கன்னத்துல கை வச்சு அழுத்திப் பாத்து, வாயைத் திறக்கச் சொல்லி, "கடைவாய்ப் பல்லெல்லாம் தட்டையாத் தேஞ்சிருக்கே, நீங்கதான் கடிக்கிறீங்க"ன்னாங்க. அத மெதுவாச் சொல்லக் கூடாதா? ஹால் மொத்தமும் திரும்பிப் பாக்குது. "குறட்டை விடுவாராம்மா?"ன்னு என் மனைவிகிட்ட கேட்டதும் நான் வாயை மூடறதுக்குள்ள, "பக்கத்து ரூம்ல படுத்தாலும் கேக்கும் டாக்டர்"னு பதில் போயாச்சு. வெளிய யாரோ ஒரு பெரியவர், "ஆபீஸ் டென்ஷனா தம்பி?"ன்னு அங்கிருந்தே கேக்கறாரு. ப்ரைவசின்னா என்னன்னே தெரியாதா இவங்களுக்கு! ஆனா அந்தப் பெரியவர் கேட்டதும் சரிதான், டென்ஷன், சிகரெட், ராத்திரி காபி எல்லாமே இதைக் கூட்டுமாம், டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. குறட்டையோட மூச்சும் விட்டு விட்டு வந்தா தூக்க டெஸ்ட் எடுக்கணுமாம். இங்க வருஷா வருஷம் செக்கப் போறேன், ஒருத்தர் கூட குறட்டையப் பத்திக் கேட்டதில்ல.

எனக்கு நைட் கார்டுக்கு அளவெடுத்து, ஊர்லேருந்து கிளம்பறதுக்குள்ள கையில குடுத்துட்டாங்க. கடிக்கிறத அது நிறுத்தாது, தேஞ்ச பல்லு திரும்ப வளரவும் செய்யாது, இனிமே தேயறது மட்டும் பல்லுக்குப் பதிலா கார்டுல தேயும், அவ்வளவுதான்னு தெளிவாச் சொல்லியே குடுத்தாங்க. இப்ப என்னன்னா கார்டு ஒரு பக்கம் லேசா உயரமா இடிக்குது. அங்கன்னா கதவைத் திறந்து வச்சுக்கிட்டே அஞ்சு நிமிஷத்துல ராவிக் குடுத்திருப்பாங்க, இங்க அடுத்த மாசம்தான் அப்பாயின்ட்மென்ட்டாம்.