காப்பக உதவியாளரின் அதிகாரம்: பிரித்தானியாவும் கலிபோர்னியாவும்

திருகோணமலையில், காதில் புழு வைத்த தெருநாயொன்றைத் தொண்டர்கள் விலங்குக் காப்பகத்துக்குத் தூக்கி வந்தால், மிருக வைத்தியர் வந்து சேரும்வரை பயிற்சி பெற்ற உதவியாளர் எதுவரை செய்யலாம் என்பதே முதற் கேள்வி. இதற்குப் பிரித்தானியாவின் சட்டமும் அமெரிக்க மாநிலமான கலிபோர்னியாவின் சட்டமும் வெவ்வேறு விடைகள் தருகின்றன.

பிரித்தானியாவின் 1966ஆம் ஆண்டு மிருக வைத்தியர் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பதிவுபெற்ற மிருக வைத்தியத் தாதி, வைத்தியரின் பணிப்பின் பேரில் மருந்து கொடுக்கலாம், உடற்குழிக்குள் நுழையாத சிறு சத்திரசிகிச்சையும் செய்யலாம் என்கிறது. எது சிறியது என்பதை விரிவாகப் பட்டியலிடவில்லை. கலிபோர்னியாவோ தோலைத் தைத்தல், பல் பிடுங்குதல், மயக்கமூட்டுதல் எனப் பெயர் சொல்லியே வரையறுத்து, அவற்றை வைத்தியரின் நேரடி மேற்பார்வையில் மட்டும் பதிவுபெற்ற மிருக வைத்தியத் தொழில்நுட்பருக்கு அனுமதிக்கிறது. நோயறிதலும் மருந்து விதித்தலும் அவருக்கு இல்லை. எனினும் 2024 முதல், வைத்தியரின் எழுத்துமூல அதிகாரத்தோடு, தொழில்நுட்பரே விலங்கைப் பரிசோதித்துத் தடுப்பூசியும் ஒட்டுண்ணி மருந்தும் கொடுக்கலாம். காப்பக ஊழியர் பயிற்சி பெற்றபின் கருணைக்கொலை செய்யவும் அங்கு இடமுண்டு; 2006 முதல் தெருநாய்களைக் கொல்லாக் கொள்கையைக் கைக்கொண்டுள்ள இலங்கைக்கு அது பொருந்தாது.

வைத்தியர் எந்நேரமும் அருகில் இல்லாத காப்பகத்தில், நேரடி மேற்பார்வை என்னும் நிபந்தனை காயத்தைத் தைக்கும் வேலையையே முடக்கிவிடும். ஆகவே காயச் சிகிச்சைக்குப் பிரித்தானிய முறையையும், விசர்நோய்த் தடுப்பூசிக்குக் கலிபோர்னிய ஏற்பாட்டையும் நான் விரும்புவேன்.