கும்பகோணத்தில் முகூர்த்தப் புடவை எடுத்த கடை

மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போகலாம். சரக்கு நன்றாக இருந்தது. திருபுவனம் பட்டு, விசிறி மடிப்பு கலையாமல் அடுக்கியிருந்தார்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஜரிகையைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்கிறார்கள்.

எங்களுக்குப் பட்டு விரித்துக் காட்டியவர் ஒரு பெண். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், கல்யாணத்துக்கு முன் நானும் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள். அங்கே பெண்களுக்கு நைட்டி, உள்பாவாடை, சுடிதார் பிரிவுதான். பட்டுப் பிரிவு முழுக்க ஆண்கள். அடிப்படைச் சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார் முதலாளி. அது உண்மையும்கூட. ஆனால் விற்பனைக்கு ஏற்ற கமிஷன் உண்டே! பெரிய பில் விழுகிற இடத்தில் எங்களை நிற்கவே விடவில்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போகும். கழிவறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும் என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்கள் உண்டு.

இந்தக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களைப் பார்த்துப் பதறி எழவில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. அப்புறம், 10 பேர் வேலை பார்க்கும் இடத்திலேயே பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவின் விவரம் இங்கே பில் போடுகிற இடத்திலேயே ஒட்டியிருக்கிறது.

"ரொம்ப நாள் சுடிதார்லதான் இருந்தேன் அக்கா. பட்டு பழகணும்னு கேட்டேன், பெரியவர் ஒருத்தர் கூட நிக்க வச்சுக் கத்துக்கொடுத்தாங்க" என்றார் அந்தப் பெண். மகள் தோளில் புடவையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி உயரத்துக்கு இவ்வளவு பெரிய கரை வேண்டாம்" என்று விலை குறைந்ததையே எடுத்துக் கொடுத்தார். அந்த நம்பிக்கையில் சம்பந்தி வீட்டுக்கும் அங்கேயே எடுத்தோம். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்கள். வேலை தெரிந்த பெண்ணைப் பட்டுப் பக்கமே விடாத கடைக்கு இந்த வியாபாரம் எப்படிக் கிடைக்கும்?

குறையும் உண்டு. சூப்பர்வைசர்களாக நான் பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள். வலங்கைமான் பக்கத்துப் பெண்கள் பஸ்ஸுக்காகச் சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். பட்டுக்குக் கூட்டம் வருவதே அதற்குப் பிறகுதான், அந்தக் கமிஷன் அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. ராத்திரி ஒரு வேன் விடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். ஜாக்கெட் துணி எடுக்கப் போகும்போது மறுபடியும் கேட்பேன்.