"கோலாலம்பூர்ல கப்பல் நிக்கும்"னு சொல்லி டூர் விக்கிறவங்ககிட்ட உஷாரா இருங்க

சிங்கப்பூர்ல இருந்து குரூஸ் போற ஐடியால இருக்கீங்களா, அதுலயும் கப்பல் டிக்கெட்டோட சேத்து இறங்குற ஊர்ல சுத்திப் பாக்குற டூரையும் "எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்"னு சென்னை ஏஜென்ட் யாராவது சொல்லிருக்காங்களா, அப்ப பணம் கட்டுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. கப்பல் மேல எனக்கு பெரிய குறை கிடையாது, ரூம் சின்னதா இருந்தாலும் சுத்தம், பசங்க நீச்சல்குளத்த விட்டு வெளிய வரல, எங்க அத்தைக்கு தினமும் சைவ சாப்பாடு கேட்டதும் கிடைச்சுது. பிரச்சினை முழுக்க கரையில இறங்குனப்புறம் தான்.

ஏஜென்ட் அனுப்புன பிடிஎஃப்ல ரூட்டு இப்படி இருந்துச்சு: சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு, திரும்ப சிங்கப்பூர். கோலாலம்பூருக்கு கடலே கிடையாதுங்க. கப்பல் நிக்கிறது போர்ட் கிள்ளான்ல, அதுலயும் பயணிகள் இறங்குற டெர்மினல் புலாவ் இண்டான்னு ஒரு தீவுல இருக்கு, பாலத்து வழியா தான் வெளிய வரணும், சுத்தி எங்க பாத்தாலும் கன்டெய்னரும் கிரேனும் தான், எறங்கி அப்படியே நடந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னா அதுக்கும் வழி இல்ல. அங்கருந்து கோலாலம்பூர் சிட்டிக்கு ரோடு காலியா இருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், டூர்ல வர்ற பத்துமலை முருகன் கோயில், சிட்டிக்கும் வடக்கால இருக்கு, அதனால அதுக்கு இன்னும் கூட. கப்பல் கம்பெனி வெப்சைட்ல கோலாலம்பூர்னு எழுதி பக்கத்துல பிராக்கெட்ல போர்ட் கிள்ளான்னு போட்டிருந்துச்சு, நம்ம ஏஜென்ட் அந்த பிராக்கெட்ட மட்டும் அழகா வெட்டி எடுத்துட்டு மிச்சத்த பிடிஎஃப்ல ஒட்டிருக்கார்.

அந்த ஒரு நாளைக்கு அவங்க வித்த டூர்: பத்துமலை "நுழைவுக் கட்டணத்துடன்", ட்வின் டவர் "விசிட்", அரண்மனை, மெர்டேக்கா சதுக்கம், சாக்லேட் ஃபேக்டரி, மதியம் இந்தியன் லஞ்ச், "சாயங்காலம் 5.30க்கு கப்பல்ல டிராப்". தலைக்கு 7,000 ரூபா, சின்னப் பசங்களுக்கும் அதே ரேட்டு. கப்பல்லயே நடத்துற டூர் இதவிட விலை ஜாஸ்தின்னு சொல்லி தான் இத தலையில கட்டுனாங்க. அத்தைக்கு ரொம்ப நாள் ஆச பத்துமலை முருகன பாக்கணும்னு, இந்த ட்ரிப்பே முக்கால்வாசி அதுக்காக தான்.

காலைல கப்பல் போர்ட் கிள்ளான்ல வந்து நின்னாச்சு. கப்பல் கம்பெனியோட டூர் ஆளுங்கள ஸ்டிக்கர் ஒட்டி முதல்ல இறக்கி பஸ்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. நாங்க இறங்கி வெளிய வந்து நின்னா எங்க பேர் போட்ட போர்டும் இல்ல வேனும் இல்ல, சென்னை நம்பருக்கு போன் பண்ணா அங்க விடிஞ்சும் விடியாத நேரம், ரெண்டரை மணி நேரம் பின்னாடி இருக்காங்கல்ல, எடுக்கவே இல்ல. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னப்புறம் வேன் வந்துச்சு. டிரைவர் மலேசியத் தமிழர் தான், வயசு நாப்பது இருக்கும், வந்ததும் "மன்னிச்சுக்குங்கக்கா, எனக்கு பத்து மணின்னு தான் மெசேஜ் வந்துச்சு"ன்னு போன எடுத்துக் காட்டுனார், உண்மையிலயே அப்படித்தான் இருந்துச்சு. அவர திட்டி என்ன பண்றது.

போற வழியில பேச்சுக் கொடுத்தப்ப தான் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுது. சென்னை ஏஜென்ட் கோலாலம்பூர்ல ஒரு ஏஜென்ட்டுக்கு கொடுக்கறார், அவர் தனக்கு ஒரு பங்க எடுத்துட்டு இன்னொருத்தருக்கு தள்ளி விடறார், கடைசியா வேன் வச்சிருக்கிற இவருக்கு வர்றது டீசல் போட்டு டோல் கட்டுனா ஒண்ணுமே மிஞ்சாத தொகை. அப்புறம் அவர் எப்படி பொழைக்கிறார்? கடைங்கள்ல தான். நம்மள எந்தக் கடையில இறக்கி விடறாரோ அந்தக் கடை அவருக்கும் மேல இருக்கிற ஏஜென்ட்டுக்கும் கமிஷன் குடுக்கும். "நான் போகலன்னா ஆபீஸ்ல கேப்பாங்கக்கா, பேப்பர்ல சைன் வாங்கணும்"னார். அப்ப நம்ம கட்டுற 7,000ல டூருக்குன்னு கரைக்கு வந்து சேர்றது எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கோங்க.

முதல் ஸ்டாப் "சாக்லேட் ஃபேக்டரி". ஃபேக்டரியெல்லாம் இல்லங்க, கடை. உள்ள போனதும் சட்டையில ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அது எந்த வேன்ல வந்த ஆளுன்னு கணக்கு வைக்கத்தான். துரியன் சாக்லேட், மிளகா சாக்லேட்னு டேஸ்ட்டுக்கு குடுத்துட்டே ஒரு பொண்ணு பின்னாடியே வருது, வாங்காம வெளிய வர்ற வழியே தெரியல, பசங்க கூட இருந்தா கேக்கவே வேணாம். அடுத்தது பத்திக் துணி கடை, இது பிடிஎஃப்லயே கிடையாது. அதுக்கடுத்து லேட்டக்ஸ் தலையணை, மெத்தை விக்கிற கடை. கப்பல்ல வந்தவன் மெத்தைய வாங்கி எங்க வைப்பான்! அங்க தான் எங்க வீட்டுக்காரர் வேன விட்டு எறங்க மாட்டேன்னு உக்காந்துட்டார், டிரைவரும் பாவம் போன்ல யார்கிட்டயோ கெஞ்சிட்டு வண்டிய எடுத்தார்.

இப்ப ட்வின் டவருக்கு வர்றேன். நாங்க போனது திங்கக்கிழமை. பெட்ரோனாஸ் டவர்ல திங்கக்கிழமை பார்வையாளர்கள மேல ஏத்த மாட்டாங்க, இது அவங்க வெப்சைட்லயே போட்டிருக்கு, மத்த நாள்ல கூட டைம் போட்ட டிக்கெட் முன்னாடியே எடுத்தா தான் 41வது, 42வது மாடியில இருக்கிற பாலத்துக்கும் 86வது மாடிக்கும் போக முடியும். கப்பல் எந்தக் கிழமை எந்த ஊர்ல நிக்கும்னு மாசக்கணக்கா முன்னாடியே தெரியும், ஆனாலும் திங்கக்கிழமைக்கு "விசிட்"னு போட்டு காசு வாங்கிருக்காங்க. எங்களுக்குன்னு டிக்கெட்டே எடுக்கல. ரோட்டோரம் நிறுத்தி "இங்கருந்து போட்டோ எடுத்துக்குங்க, பத்து நிமிஷம் தான், போலீஸ் வந்தா ஃபைன் போட்டுருவாங்க"ன்னார். 452 மீட்டர் கட்டடத்த ரோட்டுல நின்னு அண்ணாந்து பாக்குறதுக்கு எதுக்குங்க டிக்கெட் காசு?

பத்துமலைக்கு போய் சேந்தப்ப மணி ரெண்டரைக்கு மேல. இந்தியன் லஞ்ச்னு போட்டிருந்தது வேன்லயே பொட்டலமா கைக்கு வந்துச்சு, புளிசாதமும் ஒரு வடையும், அது கூட பரவால்ல நல்லாவே இருந்துச்சு. "நுழைவுக் கட்டணத்துடன்"னு போட்டிருந்தாங்களே, முருகன் சிலை இருக்கிற வாசலுக்கோ படி ஏறி மேல் குகைக் கோயிலுக்கோ டிக்கெட்டே கிடையாது, யார் வேணா போலாம். கீழ பக்கத்துல இருக்கிற ராமாயணக் குகை மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு தான் காசு, அங்க எங்கள கூட்டிட்டும் போகல. 272 படி. எங்க அத்தைக்கு மூட்டு வலி, நிதானமா நின்னு நின்னு தான் ஏற முடியும், காலைல நேரா இங்க வந்திருந்தா வெயிலும் கம்மி, ஏறிருப்பாங்க. "நாப்பது நிமிஷம் தாங்கக்கா, அதுக்கு மேல நின்னா ஜாம்ல மாட்டிக்குவோம்"னு டிரைவர் சொன்னதும் அவங்க ஒண்ணும் பேசல, "நீங்க போய்ட்டு வாங்கடி, நான் இங்கயே இருக்கேன்"னு 2006ல தெறந்த அந்த 42.7 மீட்டர் சிலைக்கு கீழ நின்னு கைய கூப்புனாங்க. மூணு கடையில போன நேரம் இங்க இருந்திருந்தா போதும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் காசு போனத விட இது தான் எரிச்சல்.

திரும்புற வழியில கோலாலம்பூர் மழை, மத்தியானத்துக்கு மேல அங்க அது சகஜம், ஹைவே மொத்தமும் நின்னு போச்சு. அப்ப கப்பல் ஆப்ப எடுத்துப் பாத்தா எல்லாரும் கப்பலுக்குள்ள இருக்க வேண்டிய நேரம் 5 மணி. கப்பல் கெளம்புறது 6க்கு. ஏஜென்ட் கெளம்புற நேரத்த மட்டும் பாத்துட்டு 5.30க்கு டிராப்னு போட்டிருக்கார், டிரைவர் பேப்பர்லயும் அதே 5.30. இந்த ரெண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஆளுங்க தான் குரூஸ் பேக்கேஜ் விக்கிறாங்க. கப்பல் கம்பெனியோட சொந்த டூர்ல போனவங்க லேட்டானா அது அவங்க பொறுப்பு, கப்பல் காத்திருக்கும், இல்ல அடுத்த ஊருக்கு அவங்க செலவுல கொண்டு போய் சேப்பாங்க. வெளி டூர்ல போனா கப்பல் போயிடும், அடுத்த ஊருக்கு நம்ம செலவுல நாமளே ஓடணும். எங்க கப்பல்ல பாஸ்போர்ட்ட சிங்கப்பூர்ல ஏறும்போதே வாங்கி வச்சிட்டாங்க, கையில இருந்தது கப்பல் கார்டும் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் தான். விட்டுட்டா பினாங்கு வரைக்கும் ராத்திரியோட ராத்திரியா 350 கிலோமீட்டர் வண்டியில போகணும்னு எங்க வீட்டுக்காரர் மேப்ப போட்டு பாத்துட்டு இருந்தார், பசங்க பின்னாடி தூங்கிட்டாங்க, அத்தை வாயில கந்த சஷ்டி கவசம். போன் மேல போன் பண்ணி கப்பல் ரிசப்ஷன்ல சொல்லி வச்சோம், கடைசியா ஏறுன குடும்பம் நாங்க தான். நடுவுல டோல் காசு நீங்க தான் தரணும்னு டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், அதுவும் பேக்கேஜ்ல இல்லையாம்.

பினாங்கு கதை நேர் எதிர். அங்க கப்பல் நிக்கிற ஸ்வெட்டன்ஹாம் பியர், ஜார்ஜ் டவுன் ஊர் வாசல்லயே இருக்கு. எங்களுக்கு வித்த "பிரைவேட் சிட்டி டூர்"ல இருந்த கார்ன்வாலிஸ் கோட்டை, மணிக்கூண்டு, லிட்டில் இந்தியா, குயின் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டுன மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அஞ்சும் நடந்தே பாத்துடலாம், அதுவும் யுனெஸ்கோ 2008ல பாரம்பரியப் பட்டியல்ல சேத்த ஏரியாங்க, நடந்து பாத்தா தான் அழகு. நாங்க அந்த வேன்ல ஏறவே இல்ல. அத்தைக்கு மட்டும் ஒரு ட்ரைஷா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா பிடிச்சோம், வாழை இலை சாப்பாடு சாப்டோம், கோயில்ல நிதானமா உக்காந்துட்டு வந்தோம். வேன் வேணும்ங்கிற ஊர்ல வேன் லேட்டு, வேணாம்ங்கிற ஊர்ல வேன் வாசல்ல ரெடியா நிக்குது.

பில்லுல இன்னும் சில ஐட்டம் இருந்துச்சு. "அரைவல் கார்டு சார்ஜ்"னு தலைக்கு 800, ஒரு நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற ஃபாரம் தான் அது. மலேசியாவோட எம்டிஏசி, சிங்கப்பூரோட எஸ்ஜி அரைவல் கார்டு ரெண்டுமே அரசாங்க வெப்சைட்ல ஃப்ரீ, வந்து சேர்றதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள நாமளே போன்ல போடலாம். தாய்லாந்துக்கு 2025 மே மாசத்துல இருந்து வந்திருக்கிற டிடிஏசியும் ஃப்ரீ தான், ஃபூக்கெட் சேத்துப் போறவங்க ஞாபகம் வச்சுக்கோங்க. "ஆல் இன்க்ளூசிவ்"னு சொன்னாங்க, ஆனா கப்பல்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு டிப்ஸ் தானா அக்கவுன்ட்ல ஏறுது, குழந்தைக்கும் சேத்து, அது போக வைஃபை தனி, கூல்டிரிங்ஸ் தனி.

ஊருக்கு வந்து ஏஜென்ட்கிட்ட கேட்டா, "மேம், ட்வின் டவர் போட்டோ ஸ்டாப்னு தான் போட்டிருக்கோம்"னு ஒரு பிடிஎஃப் அனுப்புறாங்க. பாத்தா நெசமாவே "போட்டோ ஸ்டாப்"னு இருக்கு. எங்க மாமனாருக்கு எதையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போடலன்னா தூக்கம் வராது, அதுக்கு எவ்ளோ கிண்டல் பண்ணிருக்கோம், அவர் ஃபைல்ல இருந்த பழைய பிரிண்ட்ல "விசிட்"னு கொட்டை எழுத்துல இருக்கு. அத போட்டோ எடுத்து அனுப்புனதும் ஒரு வாரம் பதில் இல்ல, அப்புறம் "அடுத்த புக்கிங்ல 10,000 தள்ளுபடி வவுச்சர்"னு வந்தாங்க. வேணாம்னுட்டோம்.

இன்னொன்னு, இது தான் பெரிய தொகை. வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ்னு, அதாவது விக்கிறவங்க நம்மகிட்ட பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டுற வருமான வரின்னு, எங்ககிட்ட 5 சதவீதம் வாங்குனாங்க. அது நம்ம பான் நம்பர்ல அரசாங்கத்துக்கு கட்டி இருக்கணும், கட்டி இருந்தா நம்ம பேர்ல கட்டுன வரிய காட்டுற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட்ல வரும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம் இல்ல திரும்ப வாங்கலாம். எங்க ஆடிட்டர் பாத்தா எங்க பேர்ல ஒரு பைசா ஏறல. அந்த வரிய பிடிச்சதுக்கு அத்தாட்சியா தர்ற 27டி சர்ட்டிபிகேட் குடுங்கன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. குரூஸ்னு இல்ல, எந்த வெளிநாட்டு டூர் போயிருந்தாலும் இன்னிக்கே ஒரு தடவ 26ஏஎஸ்ஸ தெறந்து பாருங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல முதல்ல பதிவு பண்ணோம், அதுல ஏஜென்ட் ஒத்து வராததால மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ஆன்லைன்ல புகார் போட்டாச்சு. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். கேஸ் நடக்குறதால கம்பெனி பேர் கேக்காதீங்க, சொல்ல முடியாது.

ஆனா அந்த ஏஜென்ட் நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு, ஸ்டேட்டஸ் தினமும் வருது. இப்ப ஐரோப்பா குரூஸ் விக்கிறாங்க, "ரோம், ஃபுளோரன்ஸ் துறைமுகங்கள்"னு கலர் கலரா போஸ்டர். ரோம்ல கப்பல் நிக்காதுங்க, அது நிக்கிறது சிவிடவெக்கியால, அங்கருந்து ரோமுக்கு ரயில்லயே ஒரு மணி நேரம், ஃபுளோரன்ஸ்னு சொல்றது லிவோர்னோ, அது இன்னும் தூரம். யாராவது அத புக் பண்றதா இருந்தா கப்பல் ரோம்ல எந்த எடத்துல நிக்கும், கப்பலுக்குள்ள இருக்க வேண்டிய நேரம் எத்தன மணின்னு ரெண்டே ரெண்டு கேள்வி எழுத்துல கேளுங்க, என்ன பதில் வருதுன்னு எனக்கும் சொல்லுங்க.