ஒரே கவுன், பல கட்டு: கோயிலுக்கு எது, பீச்சுக்கு எது?

சம்பா கோயில் எனும் மாதா கோயிலில் காலைப் பூசை, சாயங்காலம் பீச் ரோட்டில் போட்டோ, ராத்திரி ஏசி ஹாலில் ரிசப்ஷன். புதுச்சேரியில் கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் தோழிப்பெண்களின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். மூன்று இடத்துக்கும் மூன்று உடை எடுக்க யாருக்கும் மனசு வராது. கன்வெர்ட்டிபிள் கவுனுக்கு இவ்வளவு கிராக்கி அதனால்தான். கீழே ஒரு பாவாடை, இடுப்பில் ஒரு பட்டி, அந்தப் பட்டியின் முன்பக்கத்திலிருந்து கிளம்பும் இரண்டு நீளப் பட்டைகள். பட்டையை எப்படிக் கட்டுகிறோமோ அதுதான் மேல்சட்டை.

எந்தக் கட்டாக இருந்தாலும் பாவாடையின் பாரம் இடுப்புச் சுற்றில் நிற்க வேண்டும், கழுத்திலோ தோளிலோ தொங்கக் கூடாது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கணக்கில்தான்.

கட்டுக்கு முன்னால் துணி. பட்டையின் நீளம் உடுத்துபவரின் உயரத்தில் ஒன்றரை மடங்கு. ஐந்தடி மூன்று அங்குலம் உயரமென்றால் பட்டை ஒன்றுக்கு 95 அங்குலம். அகலம் 10 முதல் 12, மார்பு பெரிதாக இருந்தால் 14. இரண்டு பட்டையும் இடுப்புப் பட்டியின் நடுவில் 3 அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தைக்கப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் பக்கமாக ஒட்டித் தைத்துவிட்டால், உட்கார்ந்து எழும்போது நடுவில் வயிறு தெரியும். ரெடிமேடில் அதிகம் வரும் குறை இது. வாங்கும்போதே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

தைக்கக் கொடுப்பதானால் 60 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) லைக்ரா கலந்த ஜெர்சி, அதாவது பனியன் மாதிரி இழுபடும் துணி, 5 மீட்டர் போதும். இடுப்பு 30, பாவாடை உயரம் 40 என்றால் முழுவட்டப் பாவாடைக்கு இரண்டு அரைவட்டம், ஒவ்வொன்றும் 45க்கு 90 அங்குலம். ஓரத்தில் 15 அங்குலம் நீளவாக்கில் மிஞ்சும், அதில் இரண்டு பட்டையும் வந்துவிடும். கடைசியில் நிற்கும் 17க்கு 45 துண்டில் இடுப்புப் பட்டியும், மார்பைச் சுற்றி உள்ளே போட, தோள் இல்லாத ஒரு டியூபும் எடுக்கலாம். ரேயான் கலந்த துணி சுருங்கும் என்பதால் அதற்குக் கால் மீட்டர் கூடுதலாக எடுத்து, துவைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். பாவாடையை ஒரு நாள் தொங்கவிட்டுத்தான் கீழ் ஓரம் மடிக்கணும், இல்லாவிட்டால் பிறகு ஒரு பக்கம் இறங்கும். சாதாரணத் தையல் போட்டால் இடுப்பில் போட்டுக் கழற்றும்போது நூல் படபடவென்று அறுந்துவிடும். ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக், பனியன் துணிக்கான ஊசி என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்.

கோயிலுக்கு: குட்டைக் கை

பூசைக்குத் தோள் மூடியிருப்பதுதான் மரியாதை, ஆகவே இங்கே வேறு யோசனைக்கே இடமில்லை. பட்டையை முழு அகலத்துக்கு விரித்து மார்பை மூடி, தோளுக்கு மேல் கொண்டுபோய், முதுகில் குறுக்கே மாற்றி, அக்குள் கீழாக முன்னால் கொண்டுவந்து இடுப்பை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றிப் பக்கவாட்டில் முடிச்சு. பட்டையின் வெளி ஓரத்தைத் தோள்முனையிலிருந்து 2 அங்குலம் கையில் இறக்கிவிட்டால் அதுதான் குட்டைக் கை. தினம் போடும் பிராவே போதும், எதுவும் வெளியே தெரியாது.

கல்யாணப் பெண்ணின் முக்காட்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கியதும் இந்தக் குட்டைக் கை சுருண்டு கழுத்துப் பக்கம் ஏறிவிடும் என்பதுதான் இதில் தொல்லை. முதுகில் குறுக்கே மாற்றுவது கழுத்தை ஒட்டி உயரத்தில் இருந்தால் பட்டை உள்நோக்கி இழுபடும், அதுதான் காரணம். தோள்பட்டை எலும்புக்குக் கீழே இறக்கி மாற்றினால் பாதி தீரும். மீதிக்கு, உள்பக்கமிருந்து பிராப் பட்டையோடு சேர்த்து ஒரு சின்ன சேஃப்டி பின். பின் வெளித்துணியின் முகப்பில் தலைகாட்டக் கூடாது.

பீச்சுக்கு: முன்முறுக்கு

மார்பை மூடிய பிறகு, இரண்டு பட்டையையும் நடுவில் ஒரு முழுச்சுற்று முறுக்கி, வலதை வலத் தோளுக்கும் இடதை இடத் தோளுக்கும் அனுப்புங்கள். மற்றபடி குட்டைக் கை மாதிரிதான். முறுக்கு நடுவில் பிடித்துக்கொள்வதால் குனிந்தாலும் கழுத்து வாய் பிளக்காது. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கட்டு கிடையாது. காந்தி சிலைப் பக்கம் சாயங்காலக் கடல்காற்றில் நின்றாலும் அசையாது. முடிச்சின் வால் இரண்டையும் இடுப்புச் சுற்றுக்குள் சொருகிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முறுக்கு மார்பின் நடு மட்டத்தில் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். 14 அங்குலப் பட்டையை அப்படியே முறுக்கினால் கட்டியாகத் துருத்தும், முந்தானை மடிப்பதுபோல மடித்துவிட்டு முறுக்கணும். இன்னொன்று: முறுக்கும் இடத்தில் துணியின் உள்பக்கம் வெளியே வரும். விலை குறைந்த ஜெர்சியில் உள்பக்கம் வேறு நிறமாகத் தெரியும். கடையிலேயே இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து எடுங்கள்.

பாவாடை விஷயத்தில் பீச்சுக்கு முழுவட்டம் ஆகாது. காற்றடித்தால் குடையாகிவிடும். அரைவட்டம் பாரத்திலும் குறைவுதான், உள்ளே ஒரு ஷார்ட்ஸ் டைட்ஸ் போட்டுக்கொண்டால் நிம்மதி. முழுவட்டச் சுழற்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் ஹாலுக்குள் சுழலட்டும்.

ரிசப்ஷனுக்கு: கழுத்துக் கட்டா, ஒற்றைத் தோளா?

போட்டி உண்மையில் இங்கேதான். ஹால்டர் எனப்படும் கழுத்துக் கட்டு முதுகைத் திறந்துவிடும், புழுக்கத்துக்கு இதம். ஆனால் பலரும் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 5 மீட்டர் துணியின் பாரம் முழுக்கப் பிடரியில் இறங்கும், சாப்பாட்டு நேரத்துக்குள் கழுத்து வலித்துவிடும். முடிச்சே வேண்டாம். கழுத்தின் பின்னால் பட்டையை ஒருமுறை முறுக்கி, முதுகு வழியாகக் கீழே இறக்கி, இடுப்பில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுங்கள். பக்கவாட்டில் இடைவெளி விழும் என்பதால் உள்ளே டியூப் கட்டாயம். தொங்கத் தொங்க மல்லிப்பூ வைப்பவர்களுக்கு இந்தக் கட்டு சரிவராது, பூ நசுங்கித் துணியில் கறை ஏறும். உயரக் கொண்டை போட்டு மேலே சுற்றிக்கொள்ளலாம்.

ஒற்றைத் தோள் போட்டோவில் அழகோ அழகு. நேரில் சிக்கல். இரண்டு பட்டையும் ஒரே தோளுக்குப் போவதால் அந்தப் பக்கத்து இடுப்புப் பட்டி மேலே ஏறும், பாவாடையின் ஓரமும் கூடவே ஏறும். தோளிலிருந்து முதுகில் சாய்வாக இறக்கிய பிறகு, ஒரு பட்டையை வலமாகவும் மற்றதை இடமாகவும் சுற்றி, எதிர்ப்பக்க இடுப்பில் முடிச்சுப் போட்டால் ஓரளவு சமனாகும். ஓரளவுதான். மேடையில் நின்றுகொண்டே இருப்பவருக்குச் சரி, பந்தி கவனிக்க ஓடுகிறவருக்கு வேண்டாம். இரண்டில் ஒன்று என்றால் கழுத்துக் கட்டுதான்.

தோளே இல்லாத கட்டும் ஒன்று உண்டு, பட்டை முழுவதையும் மார்பைச் சுற்றியே கட்டுவது. வேர்வையில் வழுக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் இழுத்துவிட்டுக்கொண்டே ஆட வேண்டும். விட்டுவிடலாம்.

நிறம், துணி இரண்டிலும் ஒரு முரண் உண்டு. ரேயான் லைக்ரா வேர்வையை உறிஞ்சும், உடம்புக்கு இதம், ஆனால் கனம் தாங்காமல் நாள் முழுக்க நீண்டுகொண்டே போகும். பாலியெஸ்டர் லைக்ரா அளவு மாறாது, வெக்கைதான் தாங்காது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே கவுன் என்றால் ரேயான் எடுத்து, பட்டையை மட்டும் ஒவ்வொரு இடத்திலும் அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வது மேல். சாம்பல், இளநீலம் இரண்டிலும் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும். மெரூன், பாட்டில் பச்சை, நேவி புளூ காப்பாற்றும். நான்கு பேருக்கு எடுத்தால் ஒரே ரோலில் ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள். அடுத்த ரோலில் நிறம் கொஞ்சம் மாறியே இருக்கும், வரிசையாக நின்று போட்டோ எடுக்கும்போதுதான் அது தெரியும். நால்வருக்கும் ஒரே ஆள் கட்டிவிட்டால் இடுப்புச் சுற்றின் உயரமும் ஒன்றாக இருக்கும்.

கல் வைத்த நெக்லஸ், கொக்கி நீட்டிய ஜிமிக்கி எல்லாம் ஜெர்சியில் மாட்டி இழை இழுக்கும். நகையைக் கட்டு முடிந்த பிறகே போடுங்கள், கட்டு மாற்றும்போது முதலில் கழற்றுங்கள். துவைத்த பிறகு பட்டையைப் பிடித்துக் கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் பட்டை இரண்டும் ஆளுக்கொரு நீளமாகிவிடும். நிழலில் பாய் விரித்துப் பரப்பித்தான் காயவைக்கணும்.