எட்டு வரி ஸ்லாட் மெஷினில் சப்ளை போய்விட்டால்: பழுது பார்ப்பதா, புதிதாக மாற்றுவதா?

செர்ரி மாஸ்டர் என்ற பழைய ஸ்லாட் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கொஞ்சம்தான். ஒரு பிக்சர் டியூப் மானிட்டர், ஒரு கேம் போர்டு, ஒரு வயர் கட்டு, அப்புறம் மரப்பெட்டியின் அடியில் திருகி வைத்த, ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு தகரப் பெட்டி. அந்தத் தகரப் பெட்டிதான் பவர் சப்ளை, வீட்டு மின்சாரத்தை போர்டு கேட்கும் சிறிய வோல்டேஜாக மாற்றித் தருவது. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் படுக்கையாக மூன்று, செங்குத்தாக மூன்று, மூலைக்கு மூலை இரண்டு என்று எட்டு வரிகளில் பழம் சேர வேண்டும். அதனால் அமெரிக்காவில் இந்த வகைக்கே எட்டு வரி மெஷின் என்று பெயர். டெக்சாஸ் சட்டத்தில் இதற்கு ஒரு சிறு வாசல் உண்டு: பரிசு ரொக்கமாக இருக்கக் கூடாது, அதன் மதிப்பு ஒரு ஆட்டத்தின் விலையில் பத்து மடங்கு அல்லது 5 டாலர், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒரு காலத்தில் கடைகளில் ஓடியவற்றில் பல இன்று ஆர்வலர்களின் கராஜில் நிற்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்ளை போனால் நான்கு வழிகள் இருக்கின்றன. அதையே பழுது பார்க்கலாம். அதே மாதிரி ஆர்கேட் சப்ளை புதிதாக வாங்கிப் போடலாம். தொழிற்சாலைத் தர சப்ளை ஒன்றைப் பொருத்தலாம். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் ஏடிஎக்ஸ் என்ற தர சப்ளையை மாட்டலாம். பெரும்பாலானோர் விலையை வைத்து இதை முடிவு செய்கிறார்கள். நான் போர்டின் பக்கம் நின்று பார்க்கச் சொல்வேன். சப்ளை நாளைக்கும் கிடைக்கும். இசட்80 சிப் வைத்த அந்தப் பழைய போர்டு போனால் அதே பதிப்பில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். போர்டில் உள்ள 74 வரிசை என்ற லாஜிக் சிப்புகள் கேட்பது 4.75 முதல் 5.25 வோல்ட். அவை தாங்கும் உச்ச வரம்பே 7 வோல்ட்தான். 5 வோல்ட் குறைந்தால் ப்ராசசர் தடுமாறி, பேட்டரியில் காத்து வைத்த மெமரியில் கண்டதையும் எழுதிவிடும். கூடினால் சிப்பே வெந்துவிடும்.

முதலில், சப்ளைதான் குற்றவாளியா? நண்பர் ஒருவரின் மெஷின் பத்து நிமிடம் ஓடியதும் தானாக ரீசெட் ஆனது. அவர் புது சப்ளை வாங்கி மாட்டியும் அதே கதை. நான் போய் அளந்தபோது சப்ளையின் முனையில் 5.08 வோல்ட், போர்டின் மேல், சிப்பின் காலில் 4.61. நடுவில் அரை வோல்ட் எங்கே போனது? போர்டின் விளிம்பில் செருகும் எட்ஜ் கனெக்டரைக் கழற்றினேன். 5 வோல்ட் வரும் முனையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக வெந்திருந்தது, செம்பு கறுத்துப் போயிருந்தது. கனெக்டரை மாற்றி, தடித்த வயர் ஒன்று கூடுதலாக இழுத்ததும் 5.02 வந்தது. பழைய சப்ளையைத் திரும்ப மாட்டினோம், அதுவும் ஓடியது! அதனால் எந்த வழியில் போனாலும் வோல்டேஜைப் போர்டில் அளந்து பாருங்கள். இன்னொன்று, மானிட்டருக்கு மின்சாரம் தனி ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மரிலிருந்து வரும். திரை மட்டும் இருட்டாகி, சத்தமும் பட்டன் விளக்கும் இருந்தால் சப்ளையைத் தொடவே வேண்டாம்.

பழுது பார்ப்பது

இந்த ஆர்கேட் சப்ளைகளில் பலவற்றின் வடிவம் அந்தக் காலக் கம்ப்யூட்டர் சப்ளைகளை ஒட்டியது: வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் டிஎல்494 ஐசி, இரண்டு பெரிய ட்ரான்சிஸ்டர், உள்ளே வரும் பக்கம் இரண்டு பெரிய கண்டன்சர். அந்த இரண்டு கண்டன்சரிலும் சேர்த்து 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்க விடுவதைப் பார்த்திருக்கிறேன், தயவு செய்து வேண்டாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரின் கால்களுக்கு வயர் சால்டர் பண்ணி, வெளியே தெரியும் உலோகத்தை எல்லாம் ஸ்லீவ் போட்டு மூடி, நுனியில் காப்பிட்ட ப்ரோப் வைத்துக்கொள்ளுங்கள். கையை வைக்காமல் அதைக் கண்டன்சரின் கால்களில் வைத்து மின்சாரத்தை வடித்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகு தொடுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை.

பழக்கம் இருப்பவர்களுக்கு, அறிகுறியே பாதி வேலையை முடித்துவிடும். படத்தில் அலை ஓடுகிறது, ஸ்பீக்கரில் உறுமல் கேட்கிறது, லோடு (மின்சாரம் இழுக்கும் கருவி) மாட்டியதும் 5 வோல்ட் தொங்குகிறது என்றால் வெளியே வரும் பக்கக் கண்டன்சர்கள் வறண்டுவிட்டன. தலை உப்பியிருந்தால் சந்தேகமே இல்லை, உப்பாமலும் வறண்டிருக்கும். சூடாக இருக்கும்போது ஓடி, ஒரு இரவு குளிர்ந்த பிறகு கிளம்ப மறுத்தால், பெரிய ட்ரான்சிஸ்டர்களின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் கண்டன்சர்களைப் பாருங்கள். சூடு 10 டிகிரி கூடினால் கண்டன்சரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, அந்தக் குட்டிகளே முதலில் சாகும். மாற்றும்போது 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) ரகம் போடுங்கள். 10 வோல்ட் இருந்த இடத்தில் 16 வோல்ட் போடலாம், உயரம் மட்டும் இடிக்காமல் பாருங்கள். கண்டன்சர்களை ஒட்ட வைத்த மஞ்சள் பசை பழுப்பாக மாறியிருந்தால் சுரண்டி எடுங்கள். அது வயதானால் மின்சாரத்தைக் கடத்தும், காலையும் அரிக்கும்.

ஃபியூஸ் கண்ணாடி உள்ளுக்குள் கறுத்துப் போயிருந்தால் கதை வேறு. ட்ரான்சிஸ்டரோ பிரிட்ஜ் டயோடோ ஷார்ட். ஒரு ட்ரான்சிஸ்டர் போயிருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும், பக்கத்து ரெசிஸ்டர்களையும் அளக்க வேண்டும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது நம் ஊர் டிவி மெக்கானிக் கடைகளில் வைத்திருக்கும் சீரிஸ் பல்பைப் போலவே, 60 வாட் குண்டு பல்பை வரிசையில் போடுங்கள். ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. வெளியே லோடு இல்லாமல் அளந்து ஏமாறாதீர்கள். 5 வோல்ட்டில் காரின் 12 வோல்ட், 21 வாட் பல்ப் ஒன்றை மாட்டிவிட்டு அளங்கள், ஒரு ஆம்ப் அளவு இழுக்கும்.

கண்டன்சர் மட்டும் போயிருந்தால் நான் பழுது பார்க்கவே சொல்வேன். சில டாலர் செலவு, திருகுத் துளை முதல் முனை வரிசை வரை எதுவும் மாறாது. ட்ரான்சிஸ்டரும் போய், சப்ளைக்குள் இருக்கும் செம்புத் தடங்களும் கருகியிருந்தால் விட்டுவிடலாம். அப்படிப்பட்டதை உயிர்ப்பித்தாலும், போர்டை அதன் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

அதே மாதிரி புதிது

பெரும்பாலானோருக்கு இதுதான் வழி. 30 டாலர் அளவில் கிடைக்கும், 5, 12, மைனஸ் 5 மூன்றும் இருக்கும், 5 வோல்ட்டைத் திருகிச் சரி செய்ய ஒரு குமிழும் இருக்கும். அரை மணி நேர வேலை. ஆனால் இரண்டு இடத்தில் ஆபத்து. முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதில் 12 இருந்த இடத்தில் புதியதில் 5 இருக்கலாம். இடத்தைப் பார்த்து மாட்டினால் போர்டு அன்றே போய்விடும். கழற்றும் முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். அடுத்தது, 110/220 மாற்றும் சிறிய ஸ்விட்ச். 110-ல் வைத்துவிட்டு 230 வோல்ட் பிளக்கில் செருகினால் பெரிய கண்டன்சர்கள் வெடித்துவிடும்.

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, பல்ப் லோடில் 5 வோல்ட்டைச் சரி செய்த பிறகே கனெக்டரைச் செருகுங்கள். செருகியதும் போர்டின் மேல் மறுபடி அளந்து 5.00 முதல் 5.10-க்குள் வையுங்கள். இந்த மலிவு சப்ளைகளைப் பற்றி எனக்குள்ள ஒரே வருத்தம் அந்தக் குமிழ்தான். சில வருடத்தில் தூசி ஏறி, தொட்டாலே வோல்டேஜ் எகிறும்.

தொழிற்சாலைத் தர சப்ளை

மீன் வெல் என்ற தைவான் கம்பெனியின் ஆர்டி-65 வரிசையில் மூன்று வோல்டேஜ் ஒரே பெட்டியில் வரும். ஆர்டி-65ஏ-யில் 5, 12, மைனஸ் 5. ஆர்டி-65டி-யில் 5, 12, 24, அதாவது காசு கொட்டும் ஹாப்பர் 24 வோல்ட் கேட்டால் அது பொருந்தும். 5 வோல்ட் எல்லை மீறினால் தானே அணைந்துவிடும் காப்பு இருப்பதுதான் என் கணக்கில் பெரிய விஷயம். போர்டைக் காப்பாற்றும் குணம் அது. குறை என்றால், திருகுத் துளைகள் பொருந்தாது, பழைய ஆர்கேட் சப்ளையை விட ஆம்ப் குறைவு. பட்டன் விளக்குகள் எல்லாம் பழைய குண்டு பல்பாக இருந்தால் 12 வோல்ட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று கூட்டிப் பாருங்கள், எல்இடி-க்கு மாற்றினால் அந்தக் கவலை தீரும். இன்னும் இருபது வருடம் வைத்திருக்கப் போகிறேன் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

கம்ப்யூட்டர் சப்ளை

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும். பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் கிளம்பிவிடும், உள்ளே காப்புகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் 5 வோல்ட்டைத் திருக வழியில்லை. வயரில் கால் வோல்ட் தொலைந்தால் தொலைந்ததுதான். மைனஸ் 5-ஐ 2003 வாக்கில் அந்தத் தரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். போர்டுக்கு அது தேவையென்றால் மைனஸ் 12-லிருந்து 7905 ரெகுலேட்டர் வைத்து எடுக்க வேண்டும். மேசையில் போர்டைச் சோதிக்க இது நல்ல துணை. பெட்டிக்குள் நிரந்தரமாக வைக்க மாட்டேன்.

கேசினோவில் ஓடிய, நிஜ ரீல் சுற்றும் மெஷின் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சப்ளையின் வோல்டேஜும் கனெக்டரும் அந்த மாடலுக்கே உரியவை. லேபிளில் உள்ள பார்ட் நம்பரைத் தேடி அதையே வாங்குங்கள், இல்லையென்றால் இருப்பதையே பழுது பாருங்கள்.

எந்த வழியானாலும் முடிக்கும் முன் பச்சை எர்த் வயர் சப்ளையின் தகரத்துக்கும் காசுக் கதவுக்கும் போகிறதா என்று பாருங்கள். மரப்பெட்டியில் கை படும் இரும்பு அந்தக் கதவுதான். போர்டு வெளியே இருக்கும்போதே அதிலுள்ள 3.6 வோல்ட் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தால் வினிகரால் துடைத்து, ஆல்கஹாலால் கழுவி, பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் சப்ளையை ஆன் செய்ய வேண்டும்.