மாசமாக இருக்கும்போது ஈறில் ரத்தம்: உப்புத் தண்ணீரா, ஸ்கேலிங்கா?

எனக்கு 4-ம் மாதம். ஒரு நாள் காலையில் பல் துலக்கித் துப்பினால் வாஷ்பேசின் முழுக்க ரத்தம். வலி துளியும் இல்லை, ஈறு மட்டும் சிவந்து புடைத்திருந்தது. "பிள்ளைத்தாச்சி பல்லில் கை வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் கொப்பளி, பிரசவம் முடிந்து பார்த்துக்கலாம்" என்றார் அத்தை. அக்காவோ, "உடனே போய் ஸ்கேலிங் பண்ணிக்கோ" என்றாள். பல்லில் கெட்டியாகப் படிந்ததைப் பல் டாக்டர் கருவியால் சுரண்டி எடுப்பதுதான் ஸ்கேலிங். இரண்டு வாரம் அத்தை சொன்னபடி செய்து பார்த்தேன். 5-ம் மாதத்தில் ஸ்கேலிங் செய்துகொண்டேன்.

உப்புத் தண்ணீரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்பு. செலவில்லை, பயமில்லை. வீக்கம் கொஞ்சம் வடிந்தது, ஆனால் பிரஷ் பட்டதும் மறுபடி ரத்தம்தான். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷும் வாங்கினேன். ருசி மாறிப்போய் மசக்கைக் குமட்டல் கூடியதால் 4 நாளில் நிறுத்திவிட்டேன். அதைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் அனுபவம். தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது பல்லில் கெட்டியாகப் படிந்திருந்த காரை. கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரோனும் ஈஸ்ட்ரோஜனும் ஏறுவதால் ஈறுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லோரம் படியும் கிருமிப் படலம் வழக்கமான அளவே இருந்தாலும் ஈறு அதற்குப் பல மடங்கு பொங்குகிறது. ஹார்மோனை நாம் குறைக்க முடியாது, படலத்தைத்தான் குறைக்க முடியும். அதுவோ சில நாளிலேயே எச்சிலில் உள்ள தாதுக்களோடு சேர்ந்து கெட்டியாகிக் காரையாகிவிடும். அதன் பிறகு பிரஷ், உப்பு, மவுத்வாஷ் எதற்கும் அசையாது. சொரசொரப்பான அதன் மேல் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டும். ரத்தம் வருகிறதே என்று பயந்து மெதுவாகத் துலக்கினால் மேலும் படியும். எனக்கு அப்படித்தான் ஆனது.

இந்த வீக்கம் பெரும்பாலும் 2-ம் மாதம் தொடங்கி 8-ம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும். 5-ம் மாதத்தில் தள்ளிப்போட்டால் மோசமான மாதங்கள் முழுவதையும் காரையோடு கடக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் இறங்கி வீக்கம் வடியும், சரி. காரை இருந்த இடத்திலேயே இருக்கும். கைக்குழந்தையை விட்டுவிட்டு அப்போது யார் பல் டாக்டரிடம் போவது?

ஈறு நோய் குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடும் என்று பயமுறுத்தி ஸ்கேலிங்குக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கிட்டத்தட்ட என் கேள்வியையே எடுத்துக்கொண்டது. ஈறு நோய் உள்ள 823 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்கு 21 வாரத்துக்குள்ளும், மற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின்னும் சிகிச்சை. குறைப்பிரசவம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் முன்பே செய்துகொண்டவர்களின் ஈறு தேறியது, சிகிச்சையால் கர்ப்பத்துக்குத் தீங்கும் வரவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள். முதல் நாள் பற்களுக்கு நடுவே இடைவெளி நாக்கில் தட்டுப்பட்டபோது எனக்கும் பக்கென்றது. அது காரை அடைத்திருந்த இடம்தான். 4 நாள் கூச்சம் இருந்தது. 10 நாளில் ரத்தம் நின்றது. 8-ம் மாதத்தில் லேசாகத் திரும்பியது, பழைய அளவுக்கு இல்லை.

எனக்கு இருந்தது மேலோட்டமான ஈறு வீக்கம். பல் ஆட்டமோ சீழோ இருப்பவர்களுக்கு என் அனுபவம் பொருந்தாது, அவர்கள் எந்த மாதமானாலும் உடனே காட்ட வேண்டும். மற்றபடி 4 முதல் 6-ம் மாதம் வரை பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வசதியான காலம். எத்தனையாவது மாதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மல்லாக்கப் படுக்காமல் இடது பக்கம் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள், வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றாமல் இருக்கும். வலி மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், குறிப்பாக ஐபுபுரூஃபன்.